மாத்திரை அட்டை யார் கையில்?

பெரம்பலூர், அரியலூர் பக்கம் குடிநோய்க்கு மருத்துவம் பார்த்துவிட்டு, மறுபடியும் குடித்துவிட்டு வருபவரைப் பற்றி எங்கே கேட்டாலும் ஒரே பதில்தான்: "மாத்திரைய ஒழுங்காப் போடல." மருத்துவர் சொல்வார், செவிலியர் சொல்வார், மனைவி சொல்வார், கடைசியில் அவரே தலையைக் குனிந்துகொண்டு சொல்வார். நால்வர் சொல்வதும் உண்மைதான். ஆனால் அந்த ஒரு வரி விசாரணையை அங்கேயே முடித்துவிடுகிறது. ஏன் போடவில்லை, போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும், போடவைப்பது யார் பொறுப்பு என்ற கேள்விகள் அதற்குப் பிறகு எழுவதே இல்லை. இவற்றுக்கு விடை தேடி எழுபது ஆண்டுகளுக்கு மேலாக ஆய்வுகள் நடந்திருக்கின்றன. அவற்றை நம் இரண்டு மாவட்டங்களின் வாழ்க்கையோடு வைத்து எடைபோட்டுப் பார்க்க வேண்டியிருக்கிறது.

முதலில் ஒரு கணக்கு. மத்திய அரசுக்காக டெல்லி எய்ம்ஸ் நடத்தி 2019இல் வெளியிட்ட தேசிய ஆய்வின்படி, இந்தியாவில் மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவர்தான் ஏதாவது ஒரு சிகிச்சை பெற்றிருக்கிறார். மருத்துவமனையில் படுக்கையில் சேர்ந்து சிகிச்சை பெற்றவர் 180 பேருக்கு ஒருவர். ஆகவே மாத்திரையை விட்டுவிட்டவர் என்று நாம் யாரைக் குறை சொல்கிறோமோ, அவர் அந்த முப்பத்தெட்டில் ஒருவர். மற்ற முப்பத்தேழு பேர் செய்யாததைச் செய்தவர். அவரைப் பற்றித் தீர்ப்புச் சொல்வதற்கு முன் இது மனதில் இருக்க வேண்டும்.

குடியை நிறுத்தியதும் வரும் கை நடுக்கம், தூக்கமின்மை, வலிப்பு, பிதற்றல் ஆகியவற்றுக்கு மருத்துவமனையில் தரும் ஒரு வார மருந்து தனி. நம் கேள்வி அதற்குப் பிறகு மாதக்கணக்கில் எடுக்க வேண்டிய மருந்தைப் பற்றியது. இதில் முக்கியமானவை மூன்று. டைசல்ஃபிராம் பழையது, 1948இல் கோபன்ஹேகனில் ஜென்ஸ் ஹால்டும் எரிக் யாகோப்சனும் இதன் விளைவை வெளியிட்டார்கள். எஸ்பரல் என்ற பெயரில் நம்மூர் மருந்துக் கடைகளுக்குப் பழகியது. உடலுக்குள் போன மது அசிட்டால்டிஹைடு என்ற நச்சாக மாறி, அது மேலும் உடைந்து தீங்கில்லாமல் போக வேண்டும். அந்த இரண்டாவது படியை இந்த மருந்து அடைத்துவிடும். மேலே ஒரு வாய் ஊற்றினால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி வந்து, இரத்த அழுத்தம் விழும். நால்ட்ரெக்சோன் வேறு வழியில் போகிறது. குடித்தால் கிடைக்கும் கிளர்ச்சியைக் குறைக்கிறது, ஆசையைத் தணிக்கிறது. ஒரு நாளைக்கு ஒரு மாத்திரை. அகாம்ப்ரோசேட், நிறுத்தியவர் நிறுத்தியபடியே இருக்க உதவுவது. வேளைக்கு இரண்டாக மூன்று வேளை, ஆக நாளுக்கு ஆறு மாத்திரை. சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டுகிறவரிடமும் பருத்திக் காட்டில் கூலிக்குப் போகிறவரிடமும் மதிய வேளை மாத்திரையைப் பற்றிப் பேசிப் பார்த்தவர்களுக்கு, இந்த ஆறு என்ற எண்ணின் கனம் தெரியும்.

இனி ஆய்வுகளுக்கு வரலாம். நான் மிகவும் மதிப்பது 1986இல் ஜாமா இதழில் வந்த, ரிச்சர்ட் ஃபுல்லர் தலைமையிலான அமெரிக்க ஆய்வு. முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளில் 605 ஆண்களை மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு முழு அளவு டைசல்ஃபிராம், 250 மில்லிகிராம். இரண்டாவது குழுவுக்குப் பெயருக்கு 1 மில்லிகிராம். மூன்றாவது குழுவுக்கு வைட்டமின் மட்டும். ஓராண்டு முழுக்கக் குடிக்காமல் இருந்தவர்கள் முறையே சுமார் 19, 23, 16 விழுக்காடு. வித்தியாசம் என்று சொல்ல ஒன்றுமில்லை. மாத்திரையை ஒழுங்காக எடுத்தவர்கள் ஐந்தில் ஒருவர்தான். இதோடு நிறுத்தினால், "பார்த்தீர்களா, யாரும் போடவில்லை, அதனால்தான் மருந்து தோற்றது" என்று நம் ஊர் வரியையே திரும்பச் சொல்லிவிடலாம். ஆனால் அந்த ஆய்வு இன்னொன்றையும் காட்டியது. ஒழுங்காக எடுத்தவர்களிடம் குடி நின்றது அதிகம். அதுவும் மூன்று குழுக்களிலும். வைட்டமின் மட்டும் வாங்கியவர்களில்கூட, அதைத் தவறாமல் விழுங்கியவர்கள் குடியிலிருந்து விலகி நின்றார்கள்.

இந்த முடிவை அவசரமாகக் கடந்து போகக் கூடாது. வைட்டமினுக்குக் குடியை நிறுத்தும் சக்தி கிடையாது. அப்படியானால் தவறாமல் மாத்திரை எடுப்பது வேறு எதற்கோ அடையாளமாக இருந்திருக்கிறது: நிலையான வேலை, கவனிக்கிற ஆள், திருந்த வேண்டும் என்ற முனைப்பு, மருத்துவமனைக்குத் திரும்பி வருகிற வழக்கம். இதய நோய் ஆய்விலும் இதே கதை நடந்தது. 1980இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், மருந்தே இல்லாத போலி மாத்திரையை ஒழுங்காக எடுத்தவர்களில் ஐந்தாண்டுகளில் இறந்தவர் 15 விழுக்காடு. அதே போலி மாத்திரையை ஒழுங்கில்லாமல் எடுத்தவர்களில் 28 விழுக்காடு. ஆகவே ஒரு மருத்துவமனை தன் நோயாளிகளைக் கேட்டுவிட்டு, "மாத்திரை எடுத்தவர்கள் குடிக்கவில்லை, எடுக்காதவர்கள் குடித்தார்கள்" என்று அட்டவணை போட்டால், அது மருந்தின் வெற்றிக்குச் சாட்சியாகாது. யார் ஏற்கனவே கரையேறக்கூடிய நிலையில் இருந்தார் என்பதற்கான சாட்சியாக மட்டும் இருக்கலாம்.

அட்டவணையில் இன்னொரு குறையும் உண்டு. வந்தவர்களைத்தான் எண்ணுகிறார்கள். 100 பேருக்கு மருந்து எழுதி, மூன்று மாதம் கழித்து 40 பேர் திரும்பி வந்து, அவர்களில் 30 பேர் "போடுறேங்க" என்றால், நான்கில் மூன்று பேர் ஒழுங்காக எடுக்கிறார்கள் என்று எழுதிவிட முடியும். உண்மையில் தெரிந்தது நூற்றுக்கு முப்பது. அந்த முப்பதும் வாய்ச்சொல்தான். அதேபோல் பூட்டிய மறுவாழ்வு மையத்தில் மூன்று மாதம் வைத்து மாத்திரை கொடுத்தால் எல்லோரும் ஒழுங்காக எடுத்தவர்கள்தான். கதவு திறந்த மறுநாளைப் பற்றி அந்தக் கணக்கு ஒன்றும் சொல்லாது.

இந்தியாவில் இருந்து வந்த சான்றுகளில் நம் வாதத்துக்கு மிக நெருக்கமானது மும்பையைச் சேர்ந்தது. அவினாஷ் டி சௌசாவும் ஆலன் டி சௌசாவும் 2004இல் வெளியிட்ட ஆய்வு. 100 ஆண்கள், பாதிப் பேருக்கு டைசல்ஃபிராம், பாதிப் பேருக்கு நால்ட்ரெக்சோன். ஒவ்வொருவருக்கும் மாத்திரை போட்டாரா என்று பார்த்துக்கொள்ளக் குடும்பத்தில் ஒருவர் பொறுப்பு. ஓராண்டு முடிவில் டைசல்ஃபிராம் குழுவில் 86 விழுக்காட்டினர் குடியின்றி இருந்தார்கள். நால்ட்ரெக்சோன் குழுவில் 44. அடுத்த ஆண்டு அவர்களே அகாம்ப்ரோசேட்டோடு ஒப்பிட்டபோது 88க்கு 46. எண்களைப் பார்த்தால் வழக்கு முடிந்துவிட்டதாகத் தோன்றும். அமெரிக்காவில் மூன்று குழுக்களும் ஒன்றாகத் தோற்ற மருந்து, மும்பையில் பத்தில் எட்டுப் பேருக்கு மேல் கரையேற்றியிருக்கிறது.

ஆனால் இது கண்கட்டி நடத்திய சோதனை இல்லை. யார் என்ன விழுங்குகிறார் என்பது நோயாளிக்கும் தெரியும், மருத்துவருக்கும் தெரியும். ஆய்வு நடந்தது ஒரு பெருநகரத் தனியார் சிகிச்சையகத்தில். சேர்க்கப்பட்டவர்கள் உறுதியான குடும்பச் சூழல் உள்ளவர்கள். கண்கட்டாமல் செய்தது இங்கே குற்றமும் ஆகாது. டைசல்ஃபிராம் வேலை செய்வதே "இதைப் போட்டிருக்கிறேன், குடித்தால் செத்தேன்" என்ற அறிவின் மூலம்தான். அந்த அறிவை மறைத்துச் சோதித்தால் மருந்தையே பாதி எடுத்துவிட்ட மாதிரி. 2014இல் ஸ்கின்னர் குழு 22 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோதும் இதுவே வந்தது: வெளிப்படையாகக் கொடுத்த ஆய்வுகளில் டைசல்ஃபிராம் வென்றது, கண்கட்டிக் கொடுத்தவற்றில் வெல்லவில்லை.

மும்பை ஆய்வில் எல்லோரும் 86ஐப் பார்க்கிறார்கள். என் கண் போவது இன்னொரு எண்ணின் மேல். ஓராண்டு முடிவில் 100 பேரில் 97 பேர் மருத்துவரோடு தொடர்பில் இருந்தார்கள். குடிநோய்ச் சிகிச்சையில் வேலை செய்கிறவர்களுக்கு இது எவ்வளவு அரிய எண் என்று தெரியும். குடித்துவிட்டவர்களும் வந்தார்கள், தோற்றுவிட்டேன் என்று சொல்லவும் வந்தார்கள். மருந்து எது என்பதைவிட இந்த 97ஐ எப்படி எட்டினார்கள் என்பதுதான் பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் வேண்டிய செய்தி. பெங்களூரு நிம்ஹான்ஸில் நட்டாலா குழு 2010இல் வெளியிட்ட ஆய்வும் இதே பக்கம்தான் கைகாட்டுகிறது: நோயாளியை மட்டும் உட்காரவைத்துப் பேசியதைவிடக் குடும்பத்தில் ஒருவரையும் சேர்த்து உட்காரவைத்தபோது விளைவு மேலாக இருந்தது.

அப்படியானால் குடும்பத்தின் கையில் கொடுத்துவிட்டால் முடிந்ததா? இங்கேதான் நம் நிலம் குறுக்கே வருகிறது.

ஒரு வீட்டுக் காலையைப் பார்ப்போம். வேப்பந்தட்டை, ஆலத்தூர், செந்துறை, ஆண்டிமடம், எந்த ஒன்றியமானாலும் சரி. மக்காச்சோளமோ பருத்தியோ சின்ன வெங்காயமோ காட்டில் இருக்கும் பருவத்தில், அந்தப் பெண் விடிவதற்கு முன் எழுந்து சோறாக்கித் தூக்குவாளியில் போட்டுக்கொண்டு ஏழு மணிக்குள் கிளம்ப வேண்டும். வேலை இல்லாத நாளில் நூறு நாள் வேலை. மாத்திரை அட்டை அரிசிப் பானைக்குள்ளோ, பிள்ளையின் பள்ளிக்கூடப் பைக்குள்ளோ ஒளித்து வைக்கப்பட்டிருக்கும். வெளியில் இருந்தால் காணாமல் போகும். அவர் எழுவதற்குக் காத்திருக்க வேண்டும். டம்ளர் தண்ணீரில் மாத்திரையைக் கரைத்துக் கொடுத்தால்தான் நம்பிக்கை. முழுசாகக் கொடுத்தால் நாக்குக்கு அடியில் ஒதுக்கிக்கொண்டு கொல்லைப்புறம் போய்த் துப்பிவிடுவார். "வாயத் திறங்க" என்று சொல்ல வேண்டிய இடத்தில் அவள் நிற்கிறாள். நேற்றுவரை அவளை அடித்தவரிடம், மாமியார் பார்த்துக்கொண்டிருக்க, அந்தச் சொல்லைச் சொல்ல வேண்டும். மாமியார் கேட்பார்: "எம்புள்ளைக்கு வெஷமா குடுக்குற?" ஒரு வாரம் தவறினால் சிகிச்சையகத்தில் கேள்வி கேட்பது அவளைத்தான்.

மும்பை ஆய்வின் 86 விழுக்காட்டுக்குப் பின்னால் இப்படி யாரோ ஒருவரின் கூலியில்லாத, சில வீடுகளில் ஆபத்தான, உழைப்பு இருக்கிறது. 86 என்ற எண்ணில் அந்த உழைப்பு தெரிவதில்லை. மனைவியைக் காவல்காரியாக்கி அமையும் சிகிச்சை, எந்த வீட்டில் குடியும் அடியும் சேர்ந்தே இருக்கிறதோ அந்த வீட்டில் பொருந்தாது. மருந்து மிக அவசியமாக இருப்பதும் அதே வீட்டில்தான்.

இந்த நெருக்கடியிலிருந்து பிறந்ததுதான் தெரியாமல் கொடுக்கும் வழக்கம். அவருக்குத் தெரியாமலே குடியை மறக்கடிக்கலாம் என்று சொல்லும் விளம்பரங்களைச் சுவரிலும் நாளிதழிலும் பார்க்காத தமிழர் இல்லை. பொட்டலத்தில் என்ன இருக்கிறதென்று வாங்குகிறவருக்குத் தெரியாது. டைசல்ஃபிராமை வாங்கிக் குழம்பில் கலந்துவிடுகிற வீடுகளும் உண்டு. அந்தப் பெண்ணின் தவிப்பை நான் குறை சொல்ல மாட்டேன். செயல் ஆபத்தானது என்பதைச் சொல்லாமல் விடவும் மாட்டேன். இதய நோய் உள்ளவர் தெரியாமல் இதை உட்கொண்டு ஒரு குவார்ட்டர் குடித்தால் உயிரே போகலாம். கடைசி மாத்திரைக்குப் பிறகு இரண்டு வாரம் வரைகூட இந்த மருந்தின் பிடி இருக்கும். இருமல் மருந்திலும் தசமூலாரிஷ்டத்திலும் இருக்கும் மதுகூட வினையைத் தூண்டலாம் என்பதைத் தெரிந்து எடுப்பவருக்குத்தான் எச்சரிக்க முடியும். அதற்கு மேல், டைசல்ஃபிராம் அச்சத்தின் வழியாக வேலை செய்வது. தெரியாதவருக்கு அச்சம் எங்கிருந்து வரும்? வாந்தி வரும், காரணம் புரியாது, அடுத்த நாள் கடைக்குப் போவார். நீதியிலும் தவறு, மருத்துவத்திலும் தவறு.

நோயாளியின் பக்கத்தையும் நேர்மையாகக் கேட்க வேண்டும். மாத்திரையை நிறுத்துவதற்கு அவர் சொல்லும் காரணங்கள் சாக்குப்போக்கு என்று தள்ளத்தக்கவை அல்ல. "நல்லாத்தானே இருக்கேன், இன்னும் எதுக்கு?" என்பது சர்க்கரை நோயாளியும் சொல்வது. 2003இல் உலக சுகாதார நிறுவனம், வளர்ந்த நாடுகளிலேயே நாட்பட்ட நோய்களுக்கு மருந்தைத் தொடர்ந்து எடுப்பவர்கள் பாதிப் பேர்தான் என்று எழுதியது. 2000இல் தாமஸ் மெக்லெல்லன் குழு ஜாமாவில் இன்னும் கூர்மையாகக் காட்டியது: போதை நோயில் மீண்டும் விழுவோர் 40 முதல் 60 விழுக்காடு என்றால், உயர் இரத்த அழுத்தத்தில் மருந்தும் பத்தியமும் விட்டு மீண்டும் சிக்கலுக்குள்ளாவோர் 50 முதல் 70. ஆனாலும் இரத்த அழுத்த மாத்திரையை மறந்தவரை நாம் ஒழுக்கங்கெட்டவர் என்று சொல்வதில்லை.

திருவிழாவுக்கோ கல்யாணத்துக்கோ இரண்டு வாரம் முன்னால் டைசல்ஃபிராமை நிறுத்திவிடுகிறவர் மருந்து எப்படி வேலை செய்கிறது என்று சரியாகப் புரிந்துகொண்டவர். மருந்தின் அமைப்பே அந்தக் கதவைத் திறந்து வைக்கிறது. ஒருமுறை குடித்துவிட்டால், "இனி மாத்திரை எதுக்கு" என்று வீடே அட்டையைத் தூக்கிப் போடுகிறது. நால்ட்ரெக்சோன் எடுப்பவர் ஒருநாள் சறுக்கினாலும் மறுநாள் மாத்திரையைத் தொடரலாம், தொடர வேண்டும் என்பதை எத்தனை பேருக்கு நிதானமாகச் சொல்லியிருக்கிறோம்?

தூரமும் கூலியும் பற்றி விரிக்க வேண்டியதில்லை. இந்த மாவட்டங்களில் இருப்பவர்களுக்குத் தெரியும். 2011 கணக்கெடுப்பில் இரண்டும் சேர்ந்து சுமார் 13 லட்சம் மக்கள். அரியலூரில் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் திறக்கப்பட்டது. பெரம்பலூர் பக்கம் சிறுவாச்சூரில் தனியார் மருத்துவக் கல்லூரி. கட்டடம் இல்லை என்று இனிச் சொல்ல முடியாது. திருமானூரிலிருந்தோ தா.பழூரிலிருந்தோ மாத்திரைக்காக வந்து போக ஒருநாள் கூலி போகும் என்பது மாறவில்லை. டாஸ்மாக் பகல் 12 மணிக்குத் திறந்து இரவு 10 வரை, ஆண்டில் சில நாள் தவிர, ஊர்ப் பக்கத்திலேயே இருக்கிறது.

கண்முன் மருந்து கொடுத்து விழுங்கச் செய்வது என்ற யோசனைக்குத் தமிழ்நாட்டிலேயே ஒரு பெரிய முன்வரலாறு உண்டு. 1956இல் சென்னையில் தொடங்கிய காசநோய் மருந்தாய்வு மையத்தில் வாலஸ் ஃபாக்ஸ் தலைமையில் நடந்த ஆய்வு, சானடோரியத்தில் படுத்தவர்களுக்கு நிகராக வீட்டிலிருந்தே ஏழை நோயாளிகள் குணமடைய முடியும் என்று 1959இல் உலகுக்குக் காட்டியது. நோயாளிகள் மாத்திரையை விழுங்குவதில்லை என்ற உண்மையை மழுப்பாமல் ஆராய்ந்ததும் அதே மையம். முன்னறிவிப்பின்றி வீட்டுக்குப் போய் மாத்திரையை எண்ணினார்கள், சிறுநீரைச் சோதித்தார்கள். நேரடிக் கண்காணிப்புச் சிகிச்சைக்கு வித்து அங்கே விழுந்தது. ஆனால் அதன் பின்கதையையும் சேர்த்துப் படிக்க வேண்டும். 2015இல் காக்ரேன் தொகுப்பாய்வு, காசநோயில் வெறுமனே ஒருவர் பார்த்துக்கொண்டிருக்க விழுங்குவது, தானே விழுங்குவதைவிடப் பெரிதாக மேம்பட்ட விளைவைத் தரவில்லை என்று முடித்தது. கண்காணிப்பு என்ற ஒன்றை மட்டும் தனியாக எடுத்துவந்து நட்டால் அது வேர்பிடிக்காது. சென்னையில் கண்காணித்தவர்கள் வீட்டுக்கு வந்தவர்கள். மருந்தையும் அக்கறையையும் சேர்த்தே கொண்டுவந்தவர்கள்.

நம்மிடம் வீட்டுக்கு வருகிறவர்கள் இப்போதும் இருக்கிறார்கள். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், சுயஉதவிக் குழுவிலிருந்து வந்த பெண் தன்னார்வலர்கள் இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரையை வீட்டில் கொண்டுவந்து கொடுக்கிறார்கள். அதே பையில் குடிநோய் மாத்திரையும் போகலாமே என்பது இயல்பாக எழும் யோசனை. எனக்கு அதில் பாதி சம்மதம்தான். குடிப்பவர் வீட்டுக்குத் தனியாக ஒரு பெண்ணை அனுப்புவது பாதுகாப்பா? நாலு வீட்டுக்குத் தெரியும்படி மாத்திரை வந்தால் அவர் வாங்குவாரா? கல்லீரல் சோதனை யார் பார்ப்பது? இந்தத் தடைகள் உண்மையானவை. தீர்க்க முடியாதவை அல்ல: மாதம் ஒருமுறை ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே மனநல மருத்துவர் வந்து பார்ப்பது, குடியை விட்டு மீண்ட உள்ளூர் ஆண் ஒருவரைத் தன்னார்வலரோடு இணைப்பது, வராதவருக்குத் தொலைபேசியில் அழைப்பது.

இனி என் தீர்ப்பு. இந்த மாவட்டங்களில் குடிநோய் மாத்திரையைத் தொடர்ந்து எடுப்பது குறைவு என்ற குற்றச்சாட்டு நிற்கும். அது நோயாளியின் குணக்கேடு என்ற விளக்கம் நிற்காது. மற்ற நாட்பட்ட நோய்களின் கணக்கே அதை மறுக்கிறது. மாத்திரை போட்டால் குடி நிற்கும் என்ற வாக்குறுதி பாதிதான் நிற்கும்: 2023இல் ஜாமாவில் வந்த தொகுப்பாய்வின்படி, ஒருவர் மறுபடி குடிக்கத் தொடங்காமல் தடுக்க அகாம்ப்ரோசேட்டை 11 பேருக்கும், நால்ட்ரெக்சோனை 18 பேருக்கும் கொடுக்க வேண்டும். இது சிறிய பலன், உண்மையான பலன். பல இதய மருந்துகளை இதைவிடக் குறைந்த பலனுக்காக ஆயுள் முழுக்க எழுதுகிறோம்.

டைசல்ஃபிராம், நோயாளியே கேட்டு, முழுதும் தெரிந்து கையெழுத்திட்டு, இதயமும் கல்லீரலும் சோதித்து, வீட்டில் அடிதடி இல்லாமல், மாத்திரை கொடுப்பவர் அச்சமின்றிக் கொடுக்கக்கூடிய இடத்தில் முதல் தேர்வாக இருக்கலாம். அங்கே மும்பை எண்களுக்கு மதிப்பு உண்டு. கொடுப்பவர் மனைவியாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. அண்ணன், வேலை பார்க்கும் இடத்து மேஸ்திரி, மருந்துக் கடைக்காரர் என்று நோயாளி தேர்ந்தெடுப்பவராக இருக்கட்டும். மற்ற வீடுகளுக்கெல்லாம் நால்ட்ரெக்சோனே பொது வழியாக வேண்டும் என்பது என் முடிவு. மும்பையில் அது பாதிக்குப் பாதிதான் வென்றது என்பதை அறிந்தே சொல்கிறேன். ஒரு நாளைக்கு ஒன்று, சறுக்கினாலும் தொடரலாம், யாரையும் காவல்காரராக்க வேண்டியதில்லை. குறைந்த வெற்றியை ஏற்றுக்கொண்டு குறைந்த தீங்கைத் தேர்கிறேன். ஆறு மாத்திரை அகாம்ப்ரோசேட், கல்லீரல் கெட்டவர்களுக்கும், வீட்டிலேயே இருந்து வேளைக்கு எடுக்க முடிந்தவர்களுக்கும்.

எந்த மருந்தானாலும், இரண்டு மாவட்ட மருத்துவமனைகளும் தங்களை அளந்துகொள்ள வேண்டிய எண் ஒன்று உண்டு. இந்த ஜனவரியில் மருந்து தொடங்கிய ஒவ்வொருவரின் பெயரும் அடுத்த ஜனவரியிலும் பதிவேட்டில் இருக்க வேண்டும். குடித்தாரா, குடிக்கவில்லையா என்பதற்கு முன்பாக, அவரை நாம் கடைசியாகப் பார்த்த தேதி எது என்ற கட்டம் நிரப்பப்பட வேண்டும். வராமல் போனவரைக் கணக்கிலிருந்து எடுக்காமல், அவரைத் தேடிப் போனவர் யார், எப்போது போனார் என்ற கட்டத்தையும் அதற்குப் பக்கத்தில் சேர்க்க வேண்டும்.